நிறுத்தி வைத்த முந்தி

ஸ்வர்ணலதா எதையும் மூடுகிற ஆள் இல்லை. ஊறுகாய் ஜாடியோ பீரோ கதவோ தெருமுனைப் பேச்சோ, எதுவாக இருந்தாலும் பாதியில் விட்டுவிட்டுப் போவாள். திரும்பி வந்து விட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்வாள். இதற்காக அவளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஆரணியில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்த யாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சேலையைத் தறியில் எந்த இடத்தில் விட்டாலும் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். நீளவாக்கில் கட்டிய பாவு நூல் தீர்ந்துபோனாலும் தறியை வெறுமையாக விட மாட்டார்கள். பழைய பாவின் நுனி இழைகளைத் தறியிலேயே வைத்துக்கொண்டு, புதுப் பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவார்கள். அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது என்ற பேச்சே அந்த வீடுகளில் கிடையாது.

தறியில் அது சரி. கம்ப்யூட்டரில் சரியா என்று அவள் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு வேலை கம்ப்யூட்டரில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது. பிளஸ் டூ முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். விரல் வேகத்தைப் பார்த்த பட்டு வியாபாரி ஒருவர் அழைத்துப் போய் டிசைன் மென்பொருளின் முன்னால் உட்கார வைத்தார். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தப் பட்டுக் கடைக்காரர்கள் புது மென்பொருளுக்கு மாறினார்கள். இனிமேல் நமக்கு நாமே செய்துகொள்ளலாம் என்று இவளும் வெளியே வந்தாள். வேண்டாமென்று ஒதுக்கிய பழைய மென்பொருளை அவர்களும் இவளுக்கே கொடுத்துவிட்டார்கள்.

பழையது என்றால் நல்ல பழையது. பழங்காலத்து விண்டோஸில் மட்டும்தான் அது ஓடும். இவளிடம் இருந்த லேப்டாப்போ, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் தம்பி ஜெயவேல் தான் வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனது. புத்தம் புதிய ரகம். அதனால் அவன் அதற்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்தான். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். வீட்டுக்குள் ஒரு அறையைத் தடுத்துக் குடித்தனம் வைப்பது போல, புதுக் கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு ஜன்னல் அளவில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று குடியிருந்தது. அதற்குள் பழைய விண்டோஸ், அதற்குள் டிசைன் மென்பொருள். ஸ்வர்ணலதாவுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதிலிருந்த 'நிறுத்தி வை' என்ற பொத்தான்தான். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருக்கிற வேலையோடு அப்படியே உறைந்து நிற்கும். மறுநாள் திறந்தால் அம்புக்குறிகூட விட்ட இடத்தில்தான் இருக்கும். தறிக்குப் பிறந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? டிசைனைச் சேமிக்கிற பழக்கமே அவளை விட்டுப் போயிற்று.

ஆனி மாதத்தில் பெரணமல்லூரிலிருந்து கனிமொழி என்ற பெண் தன் அம்மாவோடு வந்தாள். போளூரில் ஒரு வங்கியில் வேலை. ஆவணிக் கடைசியில் கல்யாணம். அம்மா கன்னியம்மா ஆயுளில் பாதியை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே கழித்தவள். மகள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான் சேற்றிலிருந்து காலை எடுத்தாள். கனிமொழிக்குக் கூரைச் சேலையின் முந்தியில் மயிலும் வேண்டாம், மாங்காயும் வேண்டாம். அம்மா நாற்று நட்டது ஜரிகையில் வர வேண்டும் என்றாள். கேட்ட கடைகளிலெல்லாம் சிரித்திருக்கிறார்கள். ஸ்வர்ணலதா சிரிக்கவில்லை. தன் பெயரில் எடுக்கிற முதல் முழுச் சேலை இது என்று உள்ளுக்குள் பொங்கினாள். உறவுக்காரர் மாணிக்கவேல் அவளுடைய வாய்ச்சொல்லை மட்டும் நம்பித் தன் தறியில் பாவு ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாயும் மகளும் வந்தார்கள். கன்னியம்மா முதல் நாள் தரையில் உட்காரப் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகும் அதன் விளிம்பில்தான் உட்கார்ந்தாள். நாற்று முடிச்சை எந்தக் கையில் பிடிப்பது, எத்தனை விரல் சேற்றில் இறங்குவது, சேலையை எவ்வளவு தூக்கிச் செருகுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஸ்வர்ணலதா கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்தாள். ஒரு புள்ளி தவறினால் தறியில் ஓர் இழை தவறாக எழும்பும். கனிமொழி நடுநடுவே அம்மாவைத் திருத்தினாள். காலில் கொலுசு போடலாம், முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வைக்கலாம் என்றாள். முழங்கால் சேற்றில் நிற்பவளுக்குக் கொலுசு எங்கே தெரியும் என்று ஸ்வர்ணலதாவுக்கு வாய்வரை வந்தது. பெண்ணுக்குக் கல்யாணம், ஆசைப்படுகிறாள் என்று விட்டுவிட்டாள். ஒரே வரிசையில் குனிந்து நடுகிற பெண்களாக முந்தி வளர்ந்தது.

சேலையின் கரைக்கும் உடலுக்கும் உள்ள டிசைன் முன்பே முடிந்து பென் டிரைவில் மாணிக்கவேலின் தறிமேல் மாட்டிய மின்னணுப் பெட்டிக்குப் போய்விட்டது. அவர் நெய்ய ஆரம்பித்துவிட்டார். முந்தி கடைசியில்தான் வரும். அந்த முந்தி அப்போது இருந்த ஒரே இடம், நிறுத்தி வைத்த கம்ப்யூட்டரின் நினைவு. வேறு எங்கும் இல்லை.

ஆடி அமாவாசை வந்தது. அமாவாசைக்குத் தறி ஓடாது. தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. காலையில் லேப்டாப்பின் மூலையில் ஒரு செய்தி: இயங்குதளத்தின் புதிய பதிப்பு தயார். தறிக்கு ஓய்வு விடுகிற நாளில்தான் எண்ணெய் போடுவார்கள், கயிறு மாற்றுவார்கள். கம்ப்யூட்டருக்கும் இன்றே பார்த்துவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். வேறு எந்த ஊர்க்காரியும் இந்தக் காரணத்துக்காகப் புதுப் பதிப்பைப் போடும் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டாள். வழக்கம்போல் 'நிறுத்தி வை' அழுத்தினாள். நினைவை எழுதிக்கொண்டிருக்கிறேன், பொறு என்று அது ஏதோ சொன்னது. அதற்குள் கணவர் சிவகுமார் படையல் போட்டுவிட்டு, காக்காய் வந்துவிட்டது, ஜல்தி வா என்று மாடியிலிருந்து கூப்பிட்டார். காக்காய் காத்திருக்காது. திரையில் கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரி' கொடுத்துவிட்டு மேலே ஓடினாள்.

மறுநாள் காலை லேப்டாப் புது மெருகோடு திறந்தது. விர்ச்சுவல் மெஷினின் படத்தின் மேல் மட்டும் குறுக்கே ஒரு கோடு. இந்த இயங்குதளத்தில் இந்த மென்பொருள் ஓடாது என்றது. அணைத்துப் போட்டாள். மறுபடி அணைத்துப் போட்டாள். மூன்றாவது தடவையும் அதையே சொன்னது.

ஜெயவேலைக் கூப்பிட்டாள். அவன் கேட்ட மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த லேப்டாப் அவன் வைத்திருந்த காலத்தில் பீட்டா பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஊருக்கெல்லாம் பரிமாறுமுன் உப்பு சரியா என்று ருசி பார்க்கச் சிலருக்கு மட்டும் கொடுக்கிற சோதனைப் பதிப்பு அது. அவன் பட்டியலிலிருந்து எடுக்க மறந்திருந்தான். பயப்படாதே, அந்த மென்பொருளுக்கும் புதிய சோதனைப் பதிப்பு வந்திருக்கும், அதைப் போட்டால் ஓடும் என்றான். அவன் சொன்னபடியே இறக்கினாள். பாதுகாப்பு அனுமதி கேட்டது, கொடுத்தாள். மறுபடி அணைத்துப் போடச் சொன்னது, போட்டாள். ஓடியது. பட்டியலில் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் கடைசித் திரை சின்னப் படமாக, மங்கலாகத் தெரிந்தது. வரிசையாகக் குனிந்த முதுகுகள். அவள் மூச்சு விட்டாள்.

அதைத் தொட்டதும் மேலே ஒரு பெட்டி வந்து மறைத்தது. இந்த நினைவு வேறு பதிப்பில் நிறுத்தி வைக்கப்பட்டது, இங்கே தொடர முடியாது, தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்.

"எறிஞ்சிடுக்கா, ஒண்ணும் ஆவாது," என்றான் ஜெயவேல். "மெஷின் ஃப்ரெஷ்ஷா தொறக்கும். நீ சேவ் பண்ண ஃபைல் எல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்கும்."

ஸ்வர்ணலதா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா. சேவ் பண்ணிதான வெச்சிருக்க?"

அவள் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயவேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தப்பித் தவறியும் அந்தப் பொத்தானைத் தொடாதே, பெட்டியை அப்படியே மூடு, யோசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

அவன் யோசித்த நேரத்தில் இவள் வீட்டுக்கும் மாணிக்கவேலின் தறிக்கும் நடுவே இருந்த தெருவை எண்ணிப் பயந்தாள். மத்தியானம் போய்ப் பார்த்தாள். அவர் மனைவி கமலம் மோர் கொடுத்தார். மாணிக்கவேல் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு நெய்துகொண்டிருந்தார். நெய்த சேலை உருளையில் கனமாகச் சுருண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வாக்கில் உடல் முடியும், முந்தியைக் கொடுத்துவிட்டால் நிறுத்தாமல் போய்விடலாம் என்றார். அவள் தலையாட்டினாள். வேலையில் சுணக்கம் இல்லாத மனிதர் மேல் வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் மெதுவாகத்தான் நெய்தால் என்ன?

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கன்னியம்மாவின் போன். முந்தி தறியில் ஏறியதும் ஒரு தடவை வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். மெஷின் சர்வீஸில் இருக்கிறது, ரெண்டு மூணு நாள் ஆகும் என்று ஸ்வர்ணலதா பொய் சொன்னாள். கன்னியம்மா அதை நம்பி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ராவும் பகலும் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று வேறு சொன்னாள். அது இன்னும் வலித்தது.

சாயங்காலம் ஜெயவேல் ஒரு வழியோடு மறுபடி கூப்பிட்டான். நினைவு பழைய பதிப்பில் உறைந்தது. அதே லேப்டாப்பில், அதே பழைய இயங்குதளத்தில், அதே பழைய மென்பொருளில் திறந்தால் விழித்துக்கொள்ளும். ஆனால் சோதனைப் பதிப்பிலிருந்து பின்னால் போகப் படிக்கட்டு கிடையாது. லேப்டாப்பை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் பழையதைப் போட முடியும். அதற்கு முன்னால் விர்ச்சுவல் மெஷினின் கோப்புறை முழுவதையும் வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். நகல் பழுதில்லாமல் வந்தால் பிழைத்தோம். வராவிட்டால் முந்தி மட்டுமல்ல, அவள் இதுவரை போட்ட அத்தனை டிசைனும் போகும்.

"யோசிச்சி சொல்லுக்கா. எறிஞ்சிட்டா முந்தி மட்டுந்தான் போவும். இது ரிஸ்க்கு."

யோசிக்க அவளுக்கு ஒன்றுமில்லை. முந்திதான் வேண்டும் என்றாள்.

மறுநாள் காலையில் சிவகுமார் ஹார்டு டிஸ்க் வாங்கி வந்தார். நகல் தொடங்கியது. கோப்பு பெரியது, நகலெடுக்கும் கோடு நத்தை வேகத்தில் ஊர்ந்தது. பாதி தாண்டியிருக்கும், காற்றாடி நின்றது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தம், சாயங்காலம்தான் வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். லேப்டாப்பின் பேட்டரி சொந்த பலத்தில் ஓடியது. ஹார்டு டிஸ்க்கும் அதே பேட்டரியைத்தான் உறிஞ்சியது. நகல் முடிவதற்குள் பேட்டரி செத்தால் அந்த நகல் குப்பை. முதலிலிருந்து எடுக்கலாம்தான். ஆனால் ஒரு முறை மேலிருந்து கீழ்வரை தடங்கலில்லாமல் நடக்க விடுங்கள் சாமி என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. திரை வெளிச்சத்தைக் குறைத்தாள். வைஃபையை அணைத்தாள். பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வியர்வை முதுகில் ஓடியது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் எதுவோ ஆகிவிடும் என்று தோன்றியது. பேட்டரி சிவப்புக்கு வந்த பிறகு நகல் முடிந்தது. அவள் டிஸ்க்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோழிக்குஞ்சைப் போல அது சூடாக இருந்தது.

மின்சாரம் வந்ததும் அடுத்தது அழிப்பு. உறுதியாகத்தானா என்று லேப்டாப் கேட்டது. இரண்டாம் தடவையும் கேட்டது. ஜெயவேல் போனில், "குடுக்கா" என்றான். அவள் சுவரில் மாட்டியிருந்த பெருமாளைப் பார்த்தாள். பிறகு அழுத்தினாள். பழைய இயங்குதளத்தை இறக்க அவள் போனின் டேட்டா போதாமல், சிவகுமாரின் போனும் பக்கத்து வீட்டுப் போனும் சேர்ந்து தேய்ந்தன.

வியாழக்கிழமை காலை எல்லாம் பழையபடி நின்றது. பழைய இயங்குதளம், பழைய மென்பொருள், டிஸ்க்கிலிருந்து திரும்பக் கொண்டுவந்த கோப்புறை. பட்டியலில் பழைய கம்ப்யூட்டர். சின்னப் படத்தில் குனிந்த முதுகுகள். ஜெயவேல் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான்.

'தொடர்' என்பதை அழுத்தினாள். எந்தப் பெட்டியும் வந்து மறைக்கவில்லை. நினைவை மீட்கிறேன் என்றது. கோடு நகர்ந்தது. கால்பங்கு. பாதி. மங்கலான படம் ஜன்னல் முழுக்கப் பெரிதாக விரிந்தது. முடிச்சுப் பிடித்த கையை, சேற்றில் இறங்கிய விரலை, அவள் வைத்த புள்ளிகளை அவளால் பார்க்க முடிந்தது. "வந்துகினு இருக்குதுடா, வருது," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கோடு நின்றது. ஜன்னல் கறுத்தது. நினைவுக் கோப்பு முழுமையாக இல்லை என்று ஒரே ஒரு வரி.

இன்னொரு தடவை செய்தாள். டிஸ்க்கிலிருந்து புதிதாக நகலைக் கொண்டுவந்து செய்தாள். அதே இடம் வரை வந்தது, அதே இடத்தில் கறுத்தது. ஜெயவேல் கோப்பின் அளவைக் கேட்டான். சொன்னாள். அவன் அதைப் பழைய கம்ப்யூட்டரின் நினைவு அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தான்.

"நகல் சரியாத்தான் இருக்குதுக்கா. ஒரிஜினலே பாதிதான். எழுதி முடிக்கறதுக்கு முன்னாடியே லேப்டாப் ரீஸ்டார்ட் ஆயிருக்குது."

எப்போது என்று அவள் கேட்கவில்லை. அமாவாசையன்று திரை பொறு என்று சொன்னதும், காக்காய்க்காகத் தான் 'சரி' கொடுத்துக்கொண்டே எழுந்ததும் கண்ணெதிரே வந்தன. இந்தச் சில நாட்களாக அவர்கள் காப்பாற்றப் பாடுபட்டது அன்றைக்கே போய்விட்ட ஒன்றை. பேட்டரிக்குப் பயந்ததும் டிஸ்க்கை மடியில் வைத்துக் காத்ததும் அத்தனையும் வீண். அவளுக்குத் தன் மேல் வெறுப்பு வந்தது. தூக்கி எறியட்டுமா என்று கேட்ட பெட்டி மறுபடி வந்தபோது அவளே 'ஆம்' என்று அழுத்தினாள். பழைய விண்டோஸ் மங்களமாகப் பாட்டுப் பாடித் திறந்தது. மற்ற டிசைனெல்லாம் அசையாமல் இருந்தன. முந்தி என்ற பெயரில் வெறும் கரைக்கோடு போட்ட ஒரு கோப்பு மட்டும் கிடந்தது.

சின்னப் படத்தை முன்பே போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எல்லாம் கூழாகக் குழம்பியது. புள்ளி எது, நிழல் எது என்று தெரியவில்லை. தவிர, திரையில் அன்று தெரிந்தது முந்தியில் ஒரு மூலைதான். மீதியைத் தானே ஊகித்துப் போட்டுவிடலாம், தறியில் ஏறிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைக்க வேண்டியதில்லை, வந்தது. ஆனால் நடவை அவள் பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். கன்னியம்மாவுக்குத் தெரியும்.

முதலில் மாணிக்கவேலிடம் போய்ச் சொன்னாள். அவர் குறுக்கிழை ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். முகம் இறுகிப்போயிற்று.

"உன்ன நம்பித்தான சொர்ணா பாவு ஏத்தனேன். வெள்ளிக்கு மேல தறி சும்மா நிக்கும். செவ்வாய் வரைக்கும் பாப்பேன். அப்புறம் அவங்ககிட்ட நீதான் பதில் சொல்லணும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அவள் வீட்டுக்குக்கூடப் போகாமல், கையில் வைத்திருந்த லேப்டாப் பையோடு பெரணமல்லூர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. எப்படிச் சொல்வது என்பதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தப் பெண் கடை கடையாகக் கேட்டுச் சிரிப்பு வாங்கிக்கொண்டு வந்தவள். அந்த அம்மா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து கையைக் காட்டிக் காட்டிச் சொன்னவள். வேறு கடையில் ஆயத்தச் சேலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நேர்ந்தால் அத்தோடு தான் இந்த வேலையையே விட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

கன்னியம்மா வீட்டில் தனியாக இருந்தாள். கனிமொழி வங்கிக்குப் போயிருந்தாள். வாசலில் ஸ்வர்ணலதாவைப் பார்த்ததும் கன்னியம்மா பதறிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துணியால் துடைத்தாள். டீ போடப் போனாள். ஸ்வர்ணலதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, முந்தி போச்சும்மா. நீங்க சொல்லிச் சொல்லிப் போட்டது மொத்தமும். சர்வீஸுன்னு சொன்னது பொய்யி. என் தப்புதான்."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

கன்னியம்மா சுவரோரம் மெல்ல உட்கார்ந்தாள். ஸ்வர்ணலதா திட்டுக்குக் காத்திருந்தாள். திட்டு வரவில்லை. கன்னியம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு வாசலையே பார்த்தாள். தெருவில் ஒரு டிவிஎஸ் வண்டி போய் ஓய்ந்தது. பிறகு, மறுபடியும் போடுவீர்களா என்று கேட்டாள். செவ்வாய்க்குள் போட்டாக வேண்டும், நீங்கள் பக்கத்திலிருந்து சொன்னால் இங்கேயே உட்கார்ந்து போடுகிறேன் என்றாள் ஸ்வர்ணலதா.

"அப்ப ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்கம்மா," என்றாள் கன்னியம்மா. "அந்தப் படத்துல அத்தினி பேரும் குனிஞ்சிகினே இருந்தாங்க. கனி பக்கத்துல இருந்தா, அதான் நான் வாயத் தொறக்கல. ஒருத்திய மட்டும் நிமுத்தி வெக்க முடியுமா?"

ஸ்வர்ணலதாவுக்கு முதலில் தோன்றியது டிசைன்காரியின் யோசனை. வரிசையில் ஒன்று மாறினால் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு கெடும், வேலை கூடும். எதற்காக என்று கேட்டாள்.

கன்னியம்மா சொன்னாள். நடவில் நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் வரிசை பிந்தும். வரப்பில் நிற்கிறவர்கள் ஏசுவார்கள். கனிமொழி வயிற்றில் இருந்த சமயம், மாதம் ஏறிவிட்டது. இடுப்பு விட்டுப்போகிற வலி. நடு வயலில் ஒரு தடவை நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவ்வளவுதான். கரையேறு, நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார்கள். அவள் சேற்றைக் கடந்து வரப்பேறுகிற வரைக்கும் உடன் நட்டவர்களில் ஒருத்தியும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர்களுக்கும் அதே கதிதான். அந்தப் போகம் முழுக்க யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. மகளிடம் இதையெல்லாம் சொன்னதில்லை.

"கல்யாணத்தன்னிக்கி அவ அதக் கட்டிகினு நிக்கச்ச, ஒருத்தி நிமுந்து நிக்கட்டும். யாருன்னு அவளுக்குச் சொல்ல வாணாம். எனக்குத் தெரிஞ்சா போதும்."

ஸ்வர்ணலதா லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். பழைய கம்ப்யூட்டர் எழுந்தது. கரைக்கோட்டுக்கு மேல் முதல் புள்ளி வைத்ததும் சேமித்தாள். கை வரைந்ததும் சேமித்தாள். குனிந்தவர்களை வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை யாருக்கும் கொலுசு இல்லை, சிரிப்பும் இல்லை. நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு வந்திருந்தாள். அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. இடுப்பில் கை எங்கே இருந்தது, முகம் எந்தப் பக்கம் பார்த்தது, எப்படித்தான் நின்றீர்கள் என்று கேட்டாள்.

கன்னியம்மா எழுந்து வீட்டுக்கு நடுவில் வந்து நின்றாள். இடது கையை இடுப்பில் வைத்தாள். முதுகை மெல்லப் பின்னால் வளைத்து, தலையைத் தூக்கினாள். வலது கையில் முடிச்சு இருப்பது போலவே விரல்கள் மூடியிருந்தன. ஸ்வர்ணலதா பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தாள். தோள், கழுத்து, வயிற்றின் மேடு. நேரம் போனது. கன்னியம்மா அசையவில்லை.

கடைசிப் புள்ளியையும் வைத்துச் சேமித்த பிறகு, ஆயிற்று, உட்காருங்கள் என்றாள் ஸ்வர்ணலதா.

"இருக்கட்டும்மா," என்றாள் கன்னியம்மா. "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்."